மொட்டைமாடி அறையில் ஒரு விமானம்

“…ஆளா, கல்லா? அத மொதல்ல சொல்லு. சொல்லாம நான் லீவரத் தொடமாட்டேன் மச்சான்,” என்றார் என் அக்காவின் கணவர்.

பேச்சின் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. எங்கள் மொட்டைமாடிக்கு நேர் மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. அப்போது பெங்களூருக்குப் பழைய விமான நிலையம்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்து, ஏறுகிற விமானமோ இறங்குகிற விமானமோ எங்கள் பேட்டையான அடுகோடியின் தலையைத் தடவிவிட்டுத்தான் போகும். எங்கள் தெருவில் அதற்கென்று ஒரு வழக்கமே உண்டாகியிருந்தது. விமானச் சத்தம் வந்ததும் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்வார். கேட்கிறவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் கரைந்த பிறகு விட்ட சொல்லிலிருந்து பேச்சு தொடரும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அந்த நேரத்துக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். மாமா மட்டும் காத்திருக்க மாட்டார். இஞ்சின் இரைச்சலிலேயே வேலை பார்த்த காது அது. சத்தத்தைச் சத்தம் என்றே எடுத்துக்கொள்ளாது.

மாமா உட்கார்ந்திருந்தது ஒரு பழைய வேனின் டிரைவர் சீட்டில். எதிரே கம்ப்யூட்டர் திரை. அதில் காலியான ரன்வே, வெயிலில் காயப்போட்ட வேட்டி மாதிரி நீளமாகக் கிடந்தது. அவருக்குப் பக்கவாட்டில், பிளைவுட்டில் வெட்டிய ஒரு ஜன்னலுக்கு முன்னால், பெஞ்சில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒரு பயணப் பை இருந்தது. அந்தப் பையைப் பார்த்துத்தான் மாமா கேட்டார்.

மாமா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வைண்டராக இருந்தவர். குழியின் வாய்க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு இஞ்சின் கட்டடம் இருக்கும். அதற்குள் ஒரு வீடு அளவுக்கு உருளை. உருளையில் சுற்றிய இரும்புக் கயிற்றின் முனையில், பூமிக்குள்ளே ஆட்களையும் கல்லையும் கொண்டுபோய்க் கொண்டுவரும் கூண்டு தொங்கும். அதை இறக்கி ஏற்றுவது மாமாவின் கை. கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தைக் காட்ட ஒரு வட்ட முகப்பு, அதில் ஒரு முள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு உருளையில் சாக்பீஸ் கோடு. கீழே இருக்கிறவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு மணி. மூன்று தட்டு வந்தால் ஆள் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்டுவிட்டேன் என்பதற்கு அவரும் மூன்று தட்ட வேண்டும். கல் என்றால் விரட்டலாம், ஆள் என்றால் மெதுவாகத்தான். “கல்லுன்னா கையால ஓட்டுவேன், ஆளுன்னா வயித்தால ஓட்டுவேன்,” என்பார். அதைச் சொல்லும்போது அவர் கை தானாகவே வயிற்றுக்குப் போகும்.

எனக்கு மனிதர்கள் சொல்லும் சொல்லில் ஒரு பைத்தியம். அடுகோடியில் ஒரு டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்ட தொழிலல்ல, பிரித்துப் பிரித்துத் தெரிந்துகொண்டது. ரிப்பேருக்கு வந்த பெட்டியை மறந்துவிடுவேன், கொண்டுவந்தவர் சொன்னதை மறக்கமாட்டேன். “படம் வருதுங்க, ஆனா யாருதோ மாதிரி வருது,” என்று ஒரு அம்மா சொன்னார். அதற்குமேல் அந்தப் பெட்டிக்கு வேறு நோய்க்குறிப்பு எதற்கு? பிக்சர் டியூபின் கலர் போயிருந்தது.

சுரங்கம் மூடிய பிறகு மாமாவும் அக்காவும் எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் மஸ்கட். அவள் முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம். மருமகன் இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். டிக்கெட் வந்த அன்றே அக்கா அதை மஞ்சள் தடவி முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். பிரசவ லேகியம் கிளறினாள், பழைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆக்கி மடித்து வைத்தாள். மாமா மட்டும், நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பயமா என்று கேட்டால் கோபம் வரும். அவருடைய நியாயம் வேறு. “லீவரப் புடிச்சவன் மனசுல இன்னா ஓடும்னு எனக்குத் தெரியும் மச்சான். பொண்ணு கல்யாணம் ஓடும், பல்லு வலி ஓடும், ஊட்ல காலையில போட்ட சண்ட ஓடும். நான் ஓட்டினவன். அதனாலதான் ஏறமாட்டேன்.” உத்தியோகம் முழுவதும் அவர் ஒருநாள்கூடக் குழிக்குள் இறங்கியதில்லை, இன்னொரு வைண்டர் கையில் தன்னைக் கொடுத்ததில்லை. பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்சீட்டுதான், அவர் கையைப் பார்த்துக்கொண்டே வருவார். ரயிலில் டிரைவரை எங்கே பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன். தண்டவாளம் இருக்கிறதே, அது எங்கே போகும் என்றார். விமானத்தில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார்களாம், அதுதான் அவருக்கு ஆகவே இல்லை.

அக்காவை மட்டும் போய்வரச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: “உங்கள உட்டுட்டு நான் மட்டும் போயி நின்னா, பொண்ணு என்னப் பாப்பாளா, எனக்குப் பின்னாடி வாசலப் பாப்பாளா?” அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. முருகன் படத்துக்கு விளக்கேற்றும்போது மட்டும் டிக்கெட் இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். அந்த விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டுகிறவன் என்ன செய்கிறான் என்று தெரியாமல்தானே இவர் ஏறமாட்டேன் என்கிறார்? ஓட்டக் காட்டிக் கொடுத்துவிட்டால்?

ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தது. விமானம் ஓட்டுகிற ஆட்டத்தின் சிடி சிவாஜிநகர் நடைபாதையில் கிடைத்தது. அதைக் கீபோர்டு பட்டனைத் தட்டி ஓட்டினால் அவர் சிரிப்பார். அவர் கைக்குப் பிடி வேண்டும். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை ஒன்று சாமான் போட்டு அடைத்துக் கிடந்தது. அதை ஒழித்தேன். சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு மொபெட்டின் ஹேண்டில்பாரும் வேன் சீட்டும் வாங்கினேன். மேசை டிராயர் முன்னும் பின்னும் ஓடுகிற சேனல் இருக்கிறதல்லவா, அதில் ஹேண்டில்பாரைப் பொருத்தினேன். இழுத்தால் மூக்கு தூக்கும், தள்ளினால் கவிழும். தானாக நடுவுக்குத் திரும்ப ஸ்கூட்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங். காலுக்குத் தையல் மெஷின் மிதி. பக்கத்துப் பட்டறையில் கிரில் வெல்டிங் செய்யும் பாய் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். “க்யா பாய், எல்லாம் கீது. ரெக்க எங்க?” என்றார்.

பிடியை அசைத்தால் கம்ப்யூட்டருக்கு அது தெரிய வேண்டும். சவுண்டு கார்டின் முதுகில், ஆட்டத்துக்கான பிடியைச் செருகுவதற்கென்றே ஒரு அகலமான துளை வரிசை இருந்தது. அதற்கு வேண்டியதெல்லாம் திருகினால் மின்தடை மாறுகிற ஒரு சாமான்தான். அது என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது: ரேடியோவின் வால்யூம் திருகு. சந்தோஷமாக எடுத்துப் பொருத்தினேன். வேகம் கூட்டும் லீவரைத் தள்ளினால் விமானம் அசையவே இல்லை. இன்னும் தள்ளினேன், இல்லை. கடைசி விரல்கடையில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ரன்வேயைத் தாண்டிப் புல்லில் போய் நின்றது. ஒயரை மாற்றினேன், சிடியைச் சந்தேகப்பட்டேன், நடைபாதைக்காரரைத் திட்டினேன். ஒருநாள் சோறு தின்னும்போதுதான் உறைத்தது. வால்யூம் திருகு சீராக ஏறாது. மனிதக் காதுக்குத் தக்கபடி, முதலில் மெல்ல, கடைசியில் குபீரென்று ஏறுகிற மாதிரி செய்யப்பட்டது. நான் விமானத்தைப் பாட்டு மாதிரி ஏற்றியிருக்கிறேன். ஒரு ரேடியோக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சீராக ஏறுகிற திருகுகளைத் தேடி மாற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, திரையில் வருகிற கூட்டல் குறி நடுவில் நடுங்காமல் நிற்கும்வரை திருத்தினேன். அந்தக் குறி அசையாமல் நின்ற மத்தியானம் எனக்குக் காது அடைத்தமாதிரி ஒரு அமைதி வந்தது.

ஆட்டத்தோடு வந்த பெங்களூரில் ஒன்றுமே இல்லை. பொட்டல் காட்டில் ஒரு ரன்வே. எந்த ஊர்க்காரரோ நம் ஊரை வரைந்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து துண்டு துண்டாக ஃபிளாப்பிகளில் ஏற்றிக்கொண்டு வந்தால், ஒரு ஃபிளாப்பி கெட்டிருக்கும். ஒன்று கெட்டால் எல்லாம் வீண். திரும்பவும் போவேன். கடைசியில் ஒரு சாயங்காலம் எல்லாம் சரியாக ஏறியது. ரன்வேயை விட்டு எழும்பி வலப்பக்கம் சாய்ந்தேன். நீலமாக ஒன்று மிதந்து வந்தது. அல்சூர் ஏரி. அதன் தீவுகள்கூட இருந்தன, பச்சைப் பொட்டு வைத்தமாதிரி. அதற்கப்பால் கப்பன் பார்க் ஒரு பச்சைத் துணி. அங்கிருந்து மனக்கணக்காக ஓசூர் ரோட்டைப் பிடித்து அடுகோடியைத் தேடினேன். வரைந்தவர் அடுகோடியைப் போடவில்லை. வெறும் செம்மண் நிறம். ஆனாலும் இதோ இந்த இடம்தான் என்று ஒரு புள்ளிக்கு மேல் வட்டமடித்தேன். அந்தப் புள்ளிக்குள் ஒரு மொட்டைமாடி, அதில் ஓர் அறை, அறைக்குள் நான், எனக்கு எதிரே இந்தத் திரை. அதே நேரம் கூரைக்கு மேல் நிஜ விமானம் ஒன்று போனது. ஆஸ்பெஸ்டாஸ் மெல்ல அதிர்ந்தது. மேலே போகிறவன் நானா, கீழே கேட்கிறவன் நானா என்று ஒரு கணம் தெரியாமல் போயிற்று. நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு சிறிய திரையையும் சேர்த்தேன். கம்ப்யூட்டருக்குள் இரண்டாவதாக ஒரு படக் கார்டு செருகினால், முன்னால் தெரிவது ஒரு திரையிலும் பக்கவாட்டில் தெரிவது மற்றதிலும் வரும். சிறியதைப் பக்கத்தில் வைத்து, அதற்கு முன்னால் மூலை வளைந்த ஜன்னலாகப் பிளைவுட்டை வெட்டி நிறுத்தினேன். அது அக்காவின் இடமாயிற்று. பிதுக்கம்பருப்புக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையை முறத்தில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். கொட்டையைப் பிதுக்கப் பிதுக்க, ஜன்னலில் இறக்கையும் அதற்குக் கீழே ஏரியும் சாயும். “தண்ணி கொட்டாம எப்படிடா சாயுது?” என்பாள். ஒருநாள் மஸ்கட் ரன்வேயைக் காட்டினேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மொட்டை மலை. வெகு நேரம் பார்த்துவிட்டு, வீடு எதுவும் போடவில்லையா என்று கேட்டாள். இல்லை அக்கா என்றேன். பரவாயில்லை, இருக்கிற இடம் தெரிந்துவிட்டது என்றாள்.

மாமா வந்தார். முதலில் வாசலில் நின்றே பார்த்தார். லீவரைக் கண்டதும் உள்ளே வந்தார். உயரம் காட்டுகிற முள்ளைப் பார்த்ததும் வேன் சீட்டில் உட்கார்ந்தேவிட்டார். அவருக்கு அது ஆழம் காட்டும் முள். கேட்காமல் கொள்ளாமல் திரைக் கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஓட்டுமுன் தனக்குத்தானே, “இன்னிக்குக் கல்லு,” என்பார். பிறகு வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு விரட்டுவார். ஏற்றுவது அவருக்கு உடனே வந்துவிட்டது. இறக்கும்போதுதான் ஒரு வைண்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். முள் தரையை நெருங்க நெருங்க, கூண்டைக் குழி வாயில் நிறுத்துகிற மாதிரி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, சாக்பீஸ் கோட்டில் அழகாக நிறுத்துவார். அந்தரத்தில் நின்ற விமானம் தொப்பென்று விழும். அவருக்கு அது தீராத வியப்பு. கூண்டு நின்றால் தொங்கும். இது நின்றால் விழுகிறதே, இப்படியும் ஒரு சாமானா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். கல்தானே, விழட்டும் என்பார். கீழே பட்டறையிலிருந்து பாய் குரல் கொடுப்பார், இன்று எத்தனை உடைந்தது என்று.

போகப்போகக் கோடு அழிந்தது. ஓடிக்கொண்டே இறங்க வேண்டும், தரையிலும் ஓட வேண்டும் என்பது அவர் கைக்குப் புரிந்தது. ஒரு மத்தியானம், பூனை திண்டிலிருந்து குதிக்கிற மாதிரி விமானத்தை ரன்வேயில் வைத்தார். அக்கா பிதுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இதுதான் சமயம் என்று டிக்கெட் பேச்சை எடுத்தேன். இப்போதுதான் தெரிந்துவிட்டதே, இவ்வளவுதானே மாமா என்றேன்.

அவர் லீவரைத் துடைத்தார். “இப்பதான் நல்லாத் தெரியுது. நின்னா உழற சாமானு. அத எவனோ ஒருத்தன் கதவ சாத்திக்கினு ஓட்டுவான், நான் பின்னாடி குந்தணுமா? முன்னாடி எனக்கு ஒரு சீட்டு போடச் சொல்லு, வரேன்.”

எழுந்து போய்விட்டார். நான் அத்தனை நாள் கட்டியது எதிர்ப்பக்கமாக வேலை செய்துவிட்டது. அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னாள்: “உன் விமானம் என் விமானத்த எறக்கிடுச்சுடா.”

பிறகு சில நாள் அவள் மேலே வரவில்லை. மாமா வந்தார், ஓட்டினார், இறக்கினார், சிரிக்கவில்லை. பயணத் தேதி நெருங்கிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம்தான் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, லேகியமும் வேட்டித் துணியும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். பிளைவுட் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மாமா லீவரிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான், ஆளா கல்லா என்று என்னிடம் கேட்டார்.

இது வெறும் ஆட்டம், உள்ளே யாருமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அக்காதான் பேசினாள்.

“ஆளு,” என்றாள். “நான் ஏறிட்டேன்.”

மாமா அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தன காலம் உங்க கையில கூண்டு. எத்தன ஊட்டு ஆம்பளைங்க ஏறினாங்க, எறங்கினாங்க. ஒருத்தராவது இஞ்சின் ரூமுக்கு வந்து, உங்க மூஞ்சியப் பாத்துட்டு, உங்க மனசுல இன்னா ஓடுதுன்னு கேட்டுட்டு…”

விமானம் வந்தது. அக்கா தெரு வழக்கப்படி நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது, சீட்டுக்கடியில் ஸ்பிரிங் முணுமுணுத்தது. ஜன்னல் திரையில் புல்வெளி அசையாமல் கிடந்தது. முதல் தடவையாக மாமாவும் வாய் திறக்காமல் காத்திருந்தார். மேலே போகிறதை ஓட்டுகிறவரின் முகத்தைத் தேடுகிறமாதிரி கூரையைப் பார்த்தார். சத்தம் கிழக்கே போய் மெலிந்து, தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்கிற அளவுக்கு ஆயிற்று.

“…கூண்டுல ஏறினாங்களா?” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு விரல் முட்டியால் பிளைவுட்டில் மூன்று தட்டு தட்டினாள்.

மாமா திருப்பித் தட்டவில்லை. லீவரையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேன் சீட்டிலிருந்து எழுந்து, என் தோளைப் பிடித்து அதில் உட்கார்த்தினார்.

“ஆளு, மச்சான். மெல்ல,” என்றார்.

ஜன்னல் பக்கம் போனார். பெஞ்சில் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் காலடியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கையை நீட்டி, பிளைவுட்டில் மூன்று முறை தட்டினார்.